குடிக்காத மாப்பிள்ளையும் கூரை தொடாத சுவரும்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் லயத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். குடிப்பாரா? குடிக்கமாட்டார் என்று தெரிந்ததும் விசாரணை முடிந்துவிட்டது. கோபக்காரரா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் தாங்குவாரா என்பதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. என் அப்பா சம்பளம் வாங்கிய அன்று குடிப்பார். குடித்த அன்று அம்மாவை அடிப்பார். ஆகவே குடிக்காதவன் அடிக்காதவன் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பார்த்த உலகத்தில் இந்த இரண்டும் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்கின.

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் எங்கள் லயம். ஒரு வீட்டுக்கு ஒரு காம்பரா, அந்த ஒரே அறைக்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, அவ்வளவுதான். காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் மேலே கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். எங்கள் வீட்டில் அப்பா ஏப்பம் விட்டால் பக்கத்து வீட்டில் சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அடி விழுந்தால் என்ன ஆகும்? எல்லா வீட்டிலும் டீவியின் சத்தம் கூடும். நாடகத்தில் அழுகிற பெண் இன்னும் பலமாக அழுவாள். அது எங்கள் லயத்து நாகரிகம்.

பக்கத்து வீட்டு அத்தை மட்டும் அந்த நாகரிகம் தெரியாதவர். சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தை ஆனவர். அவர் பானை மூடியை எடுத்துச் சுவரில் நாலு தட்டுத் தட்டுவார். அதனால் அப்பா நிறுத்திவிடுவார் என்று நினைக்க வேண்டாம். சுவரைப் பார்த்துத் திரும்பி, "எவடி அவ" என்று தொடங்கி அத்தையின் பரம்பரையையே திட்டுவார். ஆனால் திட்டுகிற நேரத்தில் அடிக்க முடியாது. அம்மா மூச்சு வாங்கியது அந்த நேரத்தில்தான்.

கல்யாணமாகி நான் போன வீடு பதுளையில் நல்ல ஏரியாவில் இருந்தது. "நல்ல ஏரியா" என்பது என் கணவருடைய சொல். யாராவது வீடு எங்கே என்று கேட்டால் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீதியைச் சொல்வார். டவுனுக்கு மேலே, ஏற்றத்தில், இரண்டு பக்கமும் மதில் உயர்ந்த வீதி. ஒவ்வொரு வீட்டுக்கும் கேட், ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு நாய். வலது பக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் இருந்தார். இடது பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ வங்கியில் பெரிய பதவியில் இருந்தார். அவர்கள் நாயின் பெயர் எனக்குத் தெரியும், அவர்கள் பெயர் தெரியாது. காலையில் கேட்டைத் திறக்கும்போது பார்த்துக்கொண்டால் சிரிப்போம். அந்தச் சிரிப்பைக் கடைசி வரைக்கும் ஒருவருக்கொருவர் கடன் வைக்கவில்லை.

அந்த வீட்டின் சுவர்கள் கூரையைத் தொட்டன. ஜன்னல்களுக்குக் கண்ணாடி இருந்தது, கண்ணாடிக்கு மேல் திரை இருந்தது. முதல் முறை என் கணவர் என்னை அடிப்பதற்கு முன் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சாத்தினார். மழை வருகிறதோ என்று நான் வெளியே பார்த்தேன். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி அலுமாரி மேல் வைத்தார். கீறல் விழக்கூடாது, கடிகாரத்துக்கு. அப்பா அடித்தபோது தள்ளாடுவார், பாதி அடி கதவுக்கும் கட்டிலுக்கும் போகும். இவர் நிதானமானவர். எதுவும் வீணாகவில்லை. எல்லாம் முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "கொஞ்சம் காத்து வரட்டும்" என்றார்.

நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"குடிச்சிருந்தாரா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வாடை அடிக்கலையா?"

"இல்லம்மா. சவர்க்கார வாசந்தான் அடிச்சுச்சு."

"அப்ப ஏதோ கோவத்துல கை பட்டுருக்கும்" என்றாள். குடிக்காமல் அடிப்பவனைப் பற்றிச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. எனக்கும் இல்லை. நான் கல்யாணத்துக்கு முன் பதுளை பஜாரில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எந்த வலிக்கு எந்த மாத்திரை என்று தெரியும். அந்த அறிவு வீட்டிலேயே பயன்பட்டது. வேலையை விடச் சொன்னது அவர்தான். நல்ல ஏரியாவில் இருந்து ஒரு பெண் கடையில் நிற்பது சரியாக இருக்காதாம்.

அவருடைய வேலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் உத்தியோகத்தர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பயிற்சிக் கூட்டம், அவர்கள் மொழியில் செயலமர்வு, நடத்துவார். என்ன செயலமர்வு என்றால், குடும்ப வன்முறை ஒழிப்பு.

நான் வேடிக்கைக்காகச் சேர்த்த விஷயம் இல்லை இது. சேர்ப்பதாக இருந்தால் இன்னும் நம்பும்படியாக எதையாவது சேர்த்திருப்பேன்.

"சூழலும் குடும்பமும்" என்பது அவருடைய பேச்சின் தலைப்பு. புரொஜெக்டரில் படம் காட்டிப் பேசுவார். லயத்தில் இடம் இல்லை, ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறது, கோபம் வந்தால் எழுந்து போய் நிற்க ஒரு மூலை இல்லை. சந்தியில் சாராயக் கடை, கக்கூசுக்கு வரிசை, இளைஞர்களுக்கு வேலை இல்லை. இதெல்லாம் சேர்ந்து அடியாக வந்து பெண் முதுகில் இறங்குகிறது என்பார். நன்றாகப் பேசுவார். பொய்யும் இல்லை. எங்கள் அப்பா வேறு ஒரு வீட்டில், வேறு ஒரு வேலையில் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஒற்றைக் காம்பராவில் அம்மா ஓடி ஒளிய அடுப்புக்குப் பின்னால் தவிர இடமில்லை, அங்கே நெருப்பு இருந்தது. என் கணவர் சொன்னதில் ஒரே குறைதான். அவருடைய படங்கள் எல்லாம் லயத்தோடு முடிந்துவிடும். மதில் போட்ட வீதிகளைப் பற்றி அதில் ஒரு படம்கூட இல்லை.

கூரை தொடாத சுவரின் படம் ஒன்று அதில் வரும். "அந்தரங்கம் இல்லாமை" என்று அதற்குக் கீழே எழுதியிருப்பார். அது எங்கள் வீட்டுச் சுவர். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்கு வந்தபோது எடுத்த படம். கொடியில் தொங்குவது என் அம்மாவின் சேலை. ஊவா மாகாணம் முழுக்க அந்தச் சேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அம்மா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினார்கள். அப்பா செத்துப்போய்ப் பல வருஷம், பார்க்க வேறு ஆள் இல்லை. நான் லயத்துக்குப் போனேன். என் கணவர் சரி என்று சொன்னதற்குக் காரணம், எங்கள் தோட்டத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் செயலமர்வு இருந்தது. நான் முன்கூட்டியே போய்ப் பெண்களைத் திரட்டி வைப்பேன் என்று நினைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவரும் வந்து சேர்ந்தார். நிறுவனத்தின் வேன் மற்றவர்களோடு காலையில் வருவதாக ஏற்பாடு.

வந்தவருக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். அடுப்பு ஒன்றுதான். அதில் அம்மாவுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க, கஞ்சிய எறக்கிட்டு வச்சுத் தாரேன்" என்றேன்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். இருந்த ஒரு பலகை ஜன்னலையும் சாத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. கடிகாரத்தைக் கழற்றினார். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த அம்மாவுக்கு மருமகன் உடை மாற்றப் போகிறார் என்ற நினைப்பு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் என் கன்னத்தில் ஒரு அறை, தோளில் ஒன்று. நான் பின்னால் போய்த் தகரப் பெட்டியில் மோதினேன்.

பழக்க தோஷத்தில் கதவையும் ஜன்னலையும் சாத்தியவர் மேலே பார்க்க மறந்துவிட்டார். இத்தனை காலமாக அந்தச் சுவரை ஊர் ஊராகக் காட்டியவர் அவர்.

சுவரின் அந்தப் பக்கம் பானை மூடி நாலு முறை மோதியது.

"அங்க என்ன சத்தம்?" என்றார் அத்தை.

"ஒன்னுமில்ல. பெட்டி விழுந்துருச்சு" என்றார் என் கணவர்.

"பெட்டி விழுந்தா 'அம்மா'ன்னு கத்துமா சேர்?"

அப்புறம் நடந்ததை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. லயத்தில் டீவிகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, அதற்கு அடுத்தது என்று கடைசிக் காம்பரா வரைக்கும். நாடகம் ஓடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் எங்கள் லயம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஆட்கள் எழுந்து நடக்கிற சத்தமும் எங்கள் இஸ்தோப்பில் செருப்புகள் சேருகிற சத்தமும் கேட்டன.

கதவைத் திறந்தது அம்மா. மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே பாதி லயம் நின்றது. நீதிக்காக வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பெரும்பாலானோர் பார்க்க வந்தவர்கள். தங்களைக் குடிகாரர்கள், முரடர்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போகிற சேர், தங்கள் லயத்திலேயே பிடிபட்டிருக்கிறார். யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது?

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் தன் மனைவியின் கையை ஒருமுறை முறித்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அந்த அக்காவும் பக்கத்திலேயே நின்றார். தலைவர் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்:

"சேர், எங்க லயத்துல இந்த மாதிரியெல்லாம் வேணாங்க. பொம்பள புள்ளைங்க இருக்கிற எடம்."

அக்கா தலைவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம்.

என் கணவர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டே, இது குடும்ப விஷயம், யாரும் தலையிட வேண்டாம் என்றார். எந்தப் பேச்சைக் கேட்டால் எழுந்து எதிர்க்க வேண்டும் என்று செயலமர்வுகளில் சொல்லிக் கொடுப்பாரோ, அதே பேச்சு, எழுத்து மாறாமல். அம்மா கதவைப் பிடித்தபடி, "மாப்ள, நீங்க கெளம்புங்க" என்றாள். "வெந்நி இல்ல" என்றும் சொன்னாள். அவளுக்கு அதற்கு மேல் கடுமையாகப் பேசத் தெரியாது. தலைவர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் தங்க வைத்தார்.

மறுநாள் செயலமர்வை ரத்து செய்வார் என்று நினைத்தேன். வேன் வந்துவிட்டது, பெனர் கட்டியாகிவிட்டது, தேத்தண்ணிக்கும் ரோல்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. எப்படி ரத்து செய்வது? பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், கூட்டம் நடந்தது. அப்படியொரு கூட்டம் அவருக்கு எந்தத் தோட்டத்திலும் வந்ததில்லை. பெண்கள் முன் வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். கூட வந்த உத்தியோகத்தர்கள் வருகையைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். நான் வீங்கிய கன்னத்தோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் என்ன பேசுகிறார் என்று நினைத்து நினைத்தே செத்திருப்பேன்.

அவர் பேசினார். இடவசதி, வறுமை, சாராயம் எல்லாம் வரிசையாக வந்தன. என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. சுவரின் படம் வந்தது, அம்மாவின் சேலையோடு. மடுவத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. "ஏதாவது கேள்வி இருந்தா கேக்கலாம்" என்று கூட வந்த உத்தியோகத்தர் பெண் சொன்னார்.

நான் எழுந்தேன். கேட்கப் போவதை யோசித்து வைத்திருக்கவில்லை.

"இந்தச் சொவத்த ஒசத்திக் கூரை வரைக்கும் கட்டினா அடி கொறயுமா, சத்தம் கொறயுமா?"

அவர் என்னைப் பார்த்தார். தொழில் பழக்கம் என்பது பெரிய விஷயம். "நல்ல கேள்வி" என்றார். "இத நாம குழுக்களாப் பிரிஞ்சு கலந்துரையாடுவோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். வேனில் வந்தவர்களுக்கு மட்டும் எதற்கென்று புரியவில்லை, மரியாதைக்காக அவர்களும் சிரித்தார்கள். குழுக்கள் பிரியவே இல்லை. ரோல்ஸை எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். நான் அவரோடு பதுளைக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் எங்கள் லயம் நல்ல பெயரோடு தப்பிவிடும். அதற்கு நான் விடமாட்டேன். கொஞ்ச நாளைக்கு எல்லோரும் என்னை ராணி போலப் பார்த்தார்கள். மாதம் ஒன்று போனதும் பீலிக்கரையில் பேச்சு மாறியது. "எத்தன நாளைக்கு இங்க இருக்கப் போறா? என்ன இருந்தாலும் குடிக்காத மனுசன்." தலைவரே ஒருநாள் வந்து, கொஞ்சம் அனுசரித்துப் போகலாம் என்று எனக்குப் புத்தி சொன்னார்.

இன்னொரு சாயங்காலம் லயத்தின் நடு வீட்டில் ஒரு பெண்ணுக்கு அடி விழுந்தது. டீவிகளின் சத்தம் கூடியது, வழக்கம் போல. அத்தை தன் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போய், "ஏன் அத்த, மூடிய எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"அவன் நம்ம பையன்" என்றார் அத்தை. "அங்கிட்டு நாலு வீடு தள்ளி வேற இருக்கு."

"அப்பாவும் நம்ம ஆளுதானே? அன்னிக்குத் தட்டுனீங்களே."

"ஒங்கப்பன் என்னையத் திட்டுறதோட விட்டுருவான். இவன் கல்ல எடுப்பான் புள்ள."

அவர் சொன்னதும் உண்மைதான். ஆனாலும் நான் மூடியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு இஸ்தோப்புக்குப் போனேன். கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தால், அத்தையும் வெங்காயக் கத்தியோடு முணுமுணுத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னேன். இருவருமாக நின்று கதவு திறக்கும் வரை தட்டினோம். அவன் கல்லை எடுக்கவில்லை, ஆனால் புருஷனை விட்டு வந்தவள் என்று எனக்குக் கேட்கும்படி நிறையப் பேசினான். பேசுகிற நேரத்தில் அடிக்க முடியாது அல்லவா, நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

அம்மாவின் கால் சரியானதும் பதுளைக்குத் திரும்பினேன். பழைய பாமசியிலேயே வேலை கிடைத்தது. அவர் மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டேன், அது தவணை மேல் தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. வாடகைக்கு அறை தேடியபோது தரகர் ஒரு வீட்டைக் காட்டி, "ரொம்ப அமைதியான எடம் மிஸ், பக்கத்து வீட்டுல என்ன நடந்தாலும் கேக்காது" என்றார். வேண்டாம் என்றேன். இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறேன். விடியற்காலையிலேயே மெஷின் சத்தம் தொடங்கிவிடும். நன்றாகத் தூங்குகிறேன்.

போன மாதத்துக்கு முந்திய மாதம், வலது பக்கத்து வீட்டு டீச்சர் பிரஷர் மாத்திரை வாங்கப் பாமசிக்கு வந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கினார்.

"மகள், எங்களுக்கு ஒன்னுமே தெரியாதே. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சத்தம் கேக்கலையா டீச்சர்?"

அவர் கைப்பையைத் திறந்து மூடினார். "கேட்டிச்சு. மேச கதிர நகர்த்துறீங்கன்னு நெனச்சோம்."

"இத்தன வருஷமாவா? அந்த வீட்டுல இருந்தது ஒரே ஒரு மேசதான் டீச்சர்."

நான் மாத்திரையை எண்ணிப் போட்டேன். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் கணவர் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றும் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடி வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

"பொடியன் நல்ல உத்தியோகம். காலையில குட் மோனிங் சொல்லாமப் போக மாட்டான்." கடைக்குள் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "ஆனா அவங்களும் மேச நகர்த்துறாங்க மகள்."

"அப்ப போய்க் கதவத் தட்டுங்க. ஒரு கை புடிக்க வந்தேன்னு சொல்லுங்க."

"ஐயோ, நாங்க எப்படி? நல்ல எடம், மத்தவங்க வீட்டு விஷயத்துல..." மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பயந்த மனுஷி, இனி வேறு பாமசிக்குத்தான் போவார் என்று நினைத்தேன்.

அடுத்த மாத்திரைக்கு எங்களிடமே வந்தார். கூட்டமாக இருந்தது. எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றார்.

"தட்டினேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"மேச ஒன்னும் நகர்த்தலையாம். அவன்தான் வந்து சொன்னான். அந்தப் பொண்ணு பின்னாலதான் நின்டுச்சு." டீச்சரின் கன்னம் சிவந்திருந்தது. வகுப்பில் முதல் முறை பிரம்பை எடுத்தவர் போல இருந்தார். "நான் போகல்ல. தேத்தண்ணி ஒன்னு தாங்கன்னு கேட்டு உள்ளுக்குப் போய் ஒக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"ரொம்ப சூடா இருந்துச்சு மகள். அவன் மொகத்தப் பாத்துக்கிட்டே மெதுவா ஊதி ஊதிக் குடிச்சேன். ஞாயித்துக் கிழமையும் வாரேன்னு சொல்லியிருக்கேன்."